மிஷின் ஓடிய வரை கணக்குப் பார்க்கவில்லை

திருப்பூரில் "கம்பெனி எப்படிங்க போகுது?" என்று கேட்டால் வரும் பதில் "ஓடுதுங்க" என்பதுதான். லாபமா நஷ்டமா என்று அதில் ஒன்றும் தெரியாது. மிஷின் ஓடுகிறது, அவ்வளவுதான். நானும் 2018 ஆவணியிலிருந்து 2022 ஆடி வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடியில் யாரும் புதிதாக ஒன்றும் தொடங்க மாட்டார்கள். முடிப்பதற்கு ஆகும் போல. நான் ஆடியில்தான் ஷெட் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். கையை விட்டுப் போனது சுமார் 9 லட்சம் ரூபாய். சம்பளமில்லாமல் உழைத்த 46 மாதம் தனி. ஜாப் ஒர்க் கம்பெனி, அதாவது பெரிய கம்பெனிகளின் பனியன் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் கம்பெனி, போடலாமா என்று என்னிடம் கேட்டு வருகிறவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் பாதியை மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறேன். மீதிப் பாதி வாயில் வருவதில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

அப்பா அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறையில் வேலை செய்தவர். நான் பத்தாவது முடித்துவிட்டு பனியன் கம்பெனிக்குப் போனேன். பதினோரு வருஷம். செக்கிங்கில் தொடங்கி லைன் சூப்பர்வைசர் வரை வந்தேன், கடைசியாக வாங்கிய சம்பளம் மாதம் 16,000. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று எந்தத் தையல் மிஷினில் என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். எங்கள் ஊரில் நேற்று டைலராக உட்கார்ந்திருந்தவர் இன்று ஓனர் என்பது கதை இல்லை, நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் நடந்தது. அதனால் "வேலை தெரிஞ்சவங்க நீங்க, இன்னொருத்தருக்கு எதுக்கு ஒழைக்கோணும்?" என்று ஒறம்பரையில் (சொந்தக்காரர்களில்) ஒருவர் கேட்டால் போதும், இரண்டு நாள் தூக்கம் வராது. எனக்கு அதோடு இன்னொன்றும் இருந்தது. "பொம்பளை தனியா கம்பெனி நடத்திருவாளாக்கும்" என்று ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடச் சொன்னார்கள். சொன்னவருக்கு அது மறுநாளே மறந்திருக்கும். நான் நாலு வருஷம் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் போட்டது 6.5 லட்சம். 14 பவுன் நகையை வைத்து 2.2 லட்சம், என் சேமிப்பு 1.8 லட்சம், அண்ணன் கொடுத்தது 1.5 லட்சம், சீட்டு எடுத்தது 1 லட்சம். பழைய மிஷின் 12 வாங்கினேன். மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு ஷெட், அட்வான்ஸ் 1 லட்சம், வாடகை 14,000. தொடங்குவதற்கு முந்தின வாரம் மகளின் கணக்கு நோட்டில் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 1,300 பீஸ், பீசுக்கு 8 ரூபாய் 50 காசு. டைலர், ஹெல்பர் கூலி ஒரு நாளைக்கு 6,900. வாடகையும் கரண்ட்டும் 23,000. எல்லாம் போக மாதம் 85,000 நிற்கும் என்று வந்தது. அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அந்த 1,300 எங்கிருந்து வந்தது? நான் வேலை பார்த்த பெரிய கம்பெனி லைனிலிருந்து. அங்கே கட்டிங் முந்தின நாளே கட்டாகத் தயாராக இருக்கும், மெக்கானிக் கூப்பிட்ட குரலுக்கு வருவார், ஒரே ஸ்டைல் மூன்று வாரம் ஓடும். ஜாப் ஒர்க்குக்கு வருவது அவர்கள் தள்ளிவிடும் வேலை. நாலு நாளைக்கு ஒரு ஸ்டைல், நூல் கலர் வராமல் அரை நாள், லேபிள் வராமல் ஒரு நாள். திங்கட்கிழமை இரண்டு டைலராவது வர மாட்டார்கள். என் ஷெட்டில் நன்றாக ஓடிய நாளில் 1,000 பீஸ் வந்தது. என் தெருவிலேயே இரண்டு வருஷத்தில் மூன்று யூனிட் மூடியிருந்தார்கள். தொடங்கும் முன் அவர்களில் ஒருவரிடமாவது போய் "ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் வந்துச்சுங்க?" என்று கேட்டிருந்தால் அந்தக் கணக்கு அன்றைக்கே கிழிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அவர்களுக்கு வேலை தெரியாது, அதனால் மூடினார்கள் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்த பிறகு, கோவையில் எம்.பி.ஏ. படிக்கும் என் அக்கா மகள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, "சித்தி, இது உங்களுக்கு மட்டும் வர்ற கிறுக்கு இல்ல" என்று அவள் பாடத்திலிருந்து சிலது சொன்னாள். 1988இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் புதிதாகத் தொழில் தொடங்கிய 2,994 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். உங்கள் தொழில் ஜெயிக்கும் வாய்ப்பு பத்துக்கு எத்தனை என்று. நூற்றுக்கு 81 பேர் ஏழு அல்லது அதற்கு மேல் என்றார்கள். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து. அதே ஆட்களிடம், உங்களைப் போலவே இதே தொழில் தொடங்குகிற மற்றவருக்கு எத்தனை என்று கேட்டால், ஏழு அல்லது அதற்கு மேல் சொன்னவர்கள் நூற்றுக்கு 39 பேர்தான். கேட்டதும் எனக்கு அந்த மூன்று யூனிட்காரர்கள் முகம்தான் ஞாபகம் வந்தது. அதனால் முதலில் சொல்வது இதுதான்: உங்கள் தெருவில் மூடியவரைத் தேடிப் போங்கள். ஓடிக்கொண்டிருப்பவர் உண்மையைச் சொல்ல மாட்டார், நான் சொன்னேனா என்ன. மூடியவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் பைசா சுத்தமாகச் சொல்வார்.

சரி, 1,300 வரவில்லை, 1,000தான் வருகிறது என்று முதல் மாதமே தெரிந்துவிட்டது. அப்போது உட்கார்ந்து கணக்கைத் திருத்தியிருக்க வேண்டும். நான் செய்தது என்ன தெரியுமா? வராத டைலர் மிஷினில் நானே உட்கார்ந்தேன். காலை எட்டு மணிக்கு ஷட்டர் திறந்தால் ராத்திரி பதினொன்று. பீஸ் எண்ணுவது, நூல் பிசிறு வெட்டுவது, பண்டல் கட்டுவது, ஆட்டோ வரவில்லை என்றால் வண்டியில் நானே கொண்டு போய்ப் போடுவது. உடம்பு அசந்து வீட்டுக்கு வரும்போது மனசு நிறைவாக இருக்கும். இன்றைக்கு ஒரு நிமிஷம் சும்மா இல்லை, அப்புறம் எப்படி நஷ்டம் வரும்? எங்கள் கொங்குப் பக்கத்தில் ஒழைப்பாளி என்பதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. காட்டில் வெய்யிலில் நின்றவர்களின் பேரப் பிள்ளைகள்தானே நாம். சோம்பேறி என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. ஆனால் அந்த உழைப்புக்குள் நான் ஒளிந்துகொண்டிருந்தேன் என்று எனக்குப் புரிய நாலு வருஷம் ஆயிற்று. நோட்டைத் திறக்க வேண்டும் என்று நினைக்கும் போதெல்லாம் வெட்டாத பிசிறு ஒரு கட்டு கண்ணில் பட்டுவிடும். எனக்கு அது நிம்மதியாகவும் இருக்கும்.

அக்கா மகள் மெக்லெலண்ட் என்ற உளவியல் அறிஞரைப் பற்றிச் சொன்னாள். சாதிக்க வேண்டும் என்ற உந்துதல் உள்ளவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தவர். 1960களில் நம் பக்கத்து மாநிலத்துக் காக்கிநாடாவில் சின்ன வியாபாரிகளுக்கு அதில் பயிற்சியும் கொடுக்க வைத்திருக்கிறார். அவருடைய சோதனை ஒன்று, குச்சியில் வளையம் எறிகிற விளையாட்டு. எங்கே நின்று எறிவது என்பது உங்கள் இஷ்டம். அந்த உந்துதல் உள்ளவர்கள் பக்கத்திலும் நிற்பதில்லை, எட்டாத தூரத்திலும் நிற்பதில்லை. கஷ்டப்பட்டால் விழும் என்கிற நடுத்தூரத்தில் நிற்கிறார்களாம். எறிந்தது விழுந்ததா இல்லையா என்று உடனே தெரிந்துகொள்ளவும் வேண்டுமாம் அவர்களுக்கு. எனக்குச் சுருக்கென்று இருந்தது. நான் தூரமாகப் போய் நின்றேன், அது கூடப் பரவாயில்லை. எறிந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேனே.

அடுத்தது பணம் வரத்து. எனக்கு வேலை கொடுத்தது ஒரே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. பேர் வேண்டாம். முப்பது நாளில் பணம் என்று பேச்சு. முதல் மூன்று மாதம் சொன்னபடி வந்தது, பிறகு அறுபது நாள், அப்புறம் தொண்ணூறு. 2019 தீபாவளிக்கு அவர்கள் தர வேண்டிய பாக்கி 2.8 லட்சம். ஆல்ட்டர் (தையல் தப்பு), ஷார்ட் பீஸ் (எண்ணிக்கை குறைவு) என்று அதில் 38,000 பிடித்தம் செய்தார்கள். எனக்கோ சனிக்கிழமை ஆனால் சம்பளம், அதோடு தீபாவளி போனஸ். டைலருக்குப் போனஸ் தராத கம்பெனிக்கு தீபாவளி முடிந்து ஒரு ஆள் வர மாட்டார். பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவரிடம் 3 லட்சம் வாங்கினேன், இரண்டு வட்டி. அதாவது மாதம் 6,000. மூன்று மாதத்தில் திருப்பிவிடலாம் என்று நினைத்தேன். 33 மாதம் வட்டி கட்டினேன். வட்டி மட்டும் 1,98,000.

அதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. இதுதான் நான் செய்ததில் பெரிய தப்பு என்று இப்போது நினைக்கிறேன், பணத்தைவிட. அவர் கேட்டால் கோபித்துக்கொள்கிற ஆளும் இல்லை. ஆனால் சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவாரோ என்று பயம். ஐந்தாம் தேதி வட்டி கொடுக்கப் போகும்போது வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவேன். ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அந்த நேரத்தில் மனசு எங்கெங்கோ போகும், அதையெல்லாம் எழுத வேண்டாம். இப்போது 14416 என்று மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். நான் தவித்த காலத்தில் அது வந்திருக்கவில்லை, 2022 அக்டோபரில்தான் தொடங்கினார்கள். கடன் வாங்கினால் வீட்டில் ஒரு ஆளுக்காவது தொகையும் வட்டியும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரிடமும் சொல்ல முடியாத கடன் என்றால் அதை வாங்கவே கூடாது.

பாக்கி விஷயத்தில் எனக்குத் தெரியாமல் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு செய்த குறு அல்லது சிறு தொழிலிடம் வேலை வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2020 ஜூலையிலிருந்து இதற்கு உத்யம் பதிவு, ஒரு பைசா செலவில்லை, ஆதாரை வைத்து நாமே செய்யலாம். இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் கொடுக்கவும் வழி உண்டு. 2023-24 நிதியாண்டிலிருந்து இன்னொன்றும் வந்திருக்கிறது: அந்தக் கெடுவுக்குள் தராத தொகையை வாங்கியவர் வருமான வரியில் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, எப்போது கொடுக்கிறாரோ அந்த ஆண்டில்தான். உள்ளதைச் சொன்னால், சோறு போடுகிற ஒரே கம்பெனி மீது யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை, நானும் கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் பதிவு எண்ணைப் பில்லில் அச்சடித்திருந்தால் அவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆள் என் பில்லைக் கொஞ்சம் மேலே வைத்திருப்பார். முக்கியமாக, வேலையில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வாங்காதீர்கள். அப்படி வாங்கினால் நீங்கள் ஓனர் இல்லை, அவர்கள் கம்பெனியில் ஒரு லைன். வாடகையும் போனஸும் மட்டும் உங்கள் தலையில்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. ஷெட் பூட்டு. ஊருக்குப் போன வடமாநிலப் பையன்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. அப்போதாவது நோட்டைத் திறந்திருக்கலாம், வீட்டில் சும்மாதான் இருந்தேன். இல்லை, சும்மா இல்லை, ஒரு சிங்கர் மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து முகக்கவசம் தைத்தேன். கடைசியில் அதில் கையில் நின்றது பதினோராயிரமோ என்னவோ. அப்புறம் 2021இல் ஆர்டர் நன்றாக வரத் தொடங்கியது. விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற வெறி வந்தது. வீட்டுக்காரரின் பி.எஃப். பணம் 2.6 லட்சத்தை எடுக்கச் சொல்லி இன்னும் 6 மிஷின் வாங்கினேன். 12 மிஷினில் நஷ்டம் வருகிறது, அதனால் 18 மிஷின். இப்போது எழுதிப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். அன்றைக்கு அது துணிச்சலாகத் தெரிந்தது.

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1976இல் ஸ்டா என்ற ஆய்வாளர் வணிகவியல் மாணவர்களிடம், ஒரு கம்பெனியின் இரண்டு பிரிவில் எதற்குப் பணம் ஒதுக்கலாம் என்று கேட்டிருக்கிறார். பிறகு, நீங்கள் தேர்ந்தெடுத்த பிரிவு சரியாகப் போகவில்லை, இப்போது மறுபடி ஒதுக்குங்கள் என்றால், அதே பிரிவுக்கு அதிகமாகக் கொட்டியது யார் தெரியுமா? முதல் முடிவைத் தாங்களே எடுத்தவர்கள். வேறு ஒருவர் எடுத்த முடிவு என்றால் அவ்வளவு கொடுக்கவில்லை. தப்பு என்று ஒப்புக்கொள்வதைவிடக் காசு போடுவது சுலபமாக இருந்திருக்கிறது. இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் சந்தோஷத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் சொன்னதாகவும் அவள் சொன்னாள். எனக்கு அது பணத்தின் வலியாகத் தெரியவில்லை. ஷட்டரை இறக்கிப் பூட்டினால் தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற வலி.

2022 மே மாதம் நூல் விலை உயர்வைக் கண்டித்து இரண்டு நாள் ஊரே அடைப்பு. எக்ஸ்போர்ட், உள்நாடு, ஜாப் ஒர்க் எல்லாம் பூட்டு. அந்த முதல் நாள் ராத்திரி நான் எட்டு மணி நேரம் தூங்கினேன். காலையில் எழுந்ததும் அவ்வளவு லேசாக இருந்தது, பயந்துவிட்டேன். என் கம்பெனி மூடியிருக்கிறது, எனக்கு எப்படிச் சந்தோஷமாக இருக்கிறது? அப்போதுதான் உறைத்தது, நான் ரொம்ப நாளாகவே வெளியிலிருந்து ஒரு காரணம் வந்து இதை மூடிவிடாதா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டு சாயப்பட்டறைகளை மூடினார்கள். பலருக்குப் பெரிய அடி. ஆனால் கோர்ட்டு மூடியதால் யாரும் அவர்களைக் கையாலாகாதவர்கள் என்று சொல்லவில்லை. கோர்ட்டோ கொரோனாவோ மூடினால் தலைகுனிவு இல்லை. நானே மூடினால்தான்.

அடைப்பின் இரண்டாம் நாள் வேறு வழியில்லாமல் நோட்டை எடுத்தேன். செய்ய வேறு வேலை எதுவும் இல்லை. 2018-19 பில்களை முதலில் எடுத்தேன். கொரோனா இல்லாத, நூல் விலை ஏறாத, எதுவும் கெடாத காலம். மாதம் 26 நாளும் ஓடினால் 26,000 பீஸ், வரவு 2,21,000. கூலி 1,79,400. வாடகை 14,000, கரண்ட் 9,000, ஊசி, ரிப்பேர், டீ எல்லாம் 8,000, ஆட்டோ 6,000. மொத்தச் செலவு 2,16,400. ஒரு பீசுக்கு அடக்கம் 8 ரூபாய் 32 காசு. பீசுக்கு 18 காசு நின்றிருக்கிறது, மாதம் 4,600. இதில் என் சம்பளம் இல்லை, வட்டி இல்லை. அதுவும் 26 நாள் எந்த மாதம் ஓடியது? சராசரி 21 நாள். வேலை இல்லாத நாளில் டைலர் வேறு கம்பெனிக்குப் போய்விடக் கூடாதென்று அரைச் சம்பளம் கொடுத்திருந்தேன். அதையும் சேர்த்தால் மாதம் 20,000க்கு மேல் நஷ்டம். கொரோனா என் கம்பெனியைக் கெடுக்கவில்லை. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கிறது. 8.50 ரேட்டுக்குத் தலையாட்டிய அந்த ஐந்து நிமிஷத்தில் முடிந்துபோன விஷயத்துக்கு நான் நாலு வருஷம் மிஷின் மிதித்திருக்கிறேன்.

அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு வட்டிக் கடன் உட்பட. ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஏம்புள்ள, இத்தன நாளா தனியாவா வெசனப்பட்டுட்டு இருந்த?" என்றார். அத்தைதான் மறுநாள் கேட்டார், "அந்த மிசினையெல்லாம் இன்னைக்குச் சந்தையில வச்சா, இந்த வெலைக்கு நீயே வாங்குவியா கண்ணு?" மாடு பிடிக்கிற ஆள் கேட்கிற கேள்வி. அவர் அப்பா கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர். வாங்க மாட்டேன் என்று என் வாயில் உடனே வந்துவிட்டது. எதைப் படித்தவர்களும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. மாசத்துக்கு ஒரு தடவை இந்தக் கேள்வியை உங்கள் தொழிலைப் பற்றிக் கேளுங்கள், போட்ட காசை மறந்துவிட்டு. எவ்வளவு போனாலும் பரவாயில்லை என்கிற தொகையைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து, ஒரு தேதியோடு எழுதி, உங்களைப் பிடித்து நிறுத்தக்கூடிய ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். சரஸ்வதி என்ற ஆய்வாளர், அனுபவமுள்ள தொழில்காரர்கள் எவ்வளவு வரும் என்று பார்த்து இறங்குவதைவிட எவ்வளவு போனால் தாங்கும் என்று பார்த்துத்தான் இறங்குகிறார்கள் என்று 2001இல் எழுதியிருக்கிறாராம். அந்தத் தொகை எனக்கு 3 லட்சமாக இருந்திருக்க வேண்டும். ஆறு மிஷின், வீட்டுத் திண்ணை, வாடகை இல்லை. அப்படித் தொடங்கியிருந்தால் 2019 பொங்கலுக்கே நின்றிருப்பேன். அப்புறம் உங்கள் சம்பளத்தை முதல் பீசிலிருந்தே அடக்கத்தில் சேருங்கள். வாரம் ஒரு மணி நேரமாவது மிஷின் எல்லாம் நின்ற பிறகு கணக்குப் பாருங்கள், ஓடும்போது பார்த்தால் எழுந்து போய்விடுவீர்கள்.

மூட இரண்டரை மாதம் ஆனது. கையில் இருந்த ஆர்டரை முடித்தேன், டைலர்களுக்கு ஒரு மாதம் முன்பே சொன்னேன், நாலு பேருக்கு வேறு இடத்தில் நானே சொல்லிவிட்டேன். மொத்தம் உள்ளே போனது, வட்டியெல்லாம் சேர்த்து, 15 லட்சம். திரும்பி வந்தது 6: மிஷின் விற்றது 4.1 லட்சம், அட்வான்ஸில் வெள்ளையடிக்கப் பிடித்தது போக 80,000, கம்பெனி பாக்கி 1.1 லட்சம். பாக்கிக்கு ஒன்பது தடவை நடந்தேன். முதலில் இரண்டு வட்டிக் கடனை அடைத்தேன், அப்புறம் நகையைத் திருப்பினேன். தெருவில் நாலு பேர் கேட்டார்கள்தான். "மூடிட்டீங்களாமா?" "ஆமாங்க, கட்டுபடியாகல." அவ்வளவுதான். நான் நாலு வருஷம் பயந்த பேச்சு இரண்டு வரியில் முடிந்துவிட்டது. கல்யாண வீட்டில் பேசியவர் கேட்கவேயில்லை, அவருக்கு நான் கம்பெனி போட்டதே தெரியாது போலிருக்கிறது.

இப்போது மறுபடி சூப்பர்வைசர் வேலை, 21,000. வீட்டில் ஒரு ஓவர்லாக் மட்டும் விற்காமல் வைத்திருக்கிறேன், எப்போதாவது நைட்டி தைக்க. அண்ணன் கொடுத்த 1.5 லட்சத்தில் 40,000 திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போனால் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை, "சாப்பிட்டியா" என்றுதான் கேட்கிறார். அவர் கேட்டுவிட்டால் தேவலை என்றிருக்கிறது.